மீள விரும்புவோனுக்கு ஒரு மஜ்லிஸ்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மதீனாவில் அபூ தல்ஹா (ரழி) அவர்களின் இல்லத்திலே சிலர் கூடியிருந்து மது அருந்திக்கொண்டிருந்தார்கள். பரிமாறியவர் இளைஞரான அனஸ் (ரழி) அவர்கள். அவ்வேளை, மது ஹராமாக்கப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு வெளியே ஒலித்தது. எஞ்சியதைக் கொட்டிவிடுமாறு அபூ தல்ஹா (ரழி) பணித்தார்கள். மதீனாவின் வீதிகளிலே மது வழிந்தோடியது. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இச்சம்பவத்தை நாம் பல தடவை கேட்டிருக்கின்றோம். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றோம். கூடிக் குடித்தவர்கள் கூடியே அதனை விட்டார்கள். எவரும் தனியாக, மறைவிலே போராட விடப்படவில்லை.

இன்று நமது நிலை என்ன? பொல்பிட்டிய, கினிகத்தேனை, ஹட்டன் போன்ற நமது ஊர்களிலே ஒரு முஸ்லிம் வாலிபன் குடிப்பழக்கத்துக்கு ஆளானால், அவன் தன்னூரில் குடிப்பதில்லை. பஸ் ஏறி அடுத்த நகரத்துக்குச் செல்கின்றான். வாப்பாவுக்கும் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். ஆயினும் தங்கையின் திருமணப் பேச்சு குழம்பிவிடுமோ என்றஞ்சி எவரும் வாய் திறப்பதில்லை. நம்மிடையே இந்நோய் இல்லையென்று நாம் பெருமை பேசப் பேச, அவன் மருந்து தேடும் வாசல் அடைபட்டுக்கொண்டே போகின்றது.

நேயர்களே! 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரிலே பில் வில்சன் என்பவர், வியாபாரம் தோல்வியுற்று, மீண்டும் குடிக்கத் தூண்டப்பட்ட நிலையில் நின்றார். மதுவை நாடாமல், தன்னைப் போன்றே அவதியுறும் இன்னொருவரைத் தேடினார். அவ்வாறு சந்தித்தவர்தான் ரொபர்ட் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். இருவரும் பேசினர், மீண்டனர். அதுவே இன்று உலகெங்கும் பரவியுள்ள ‘அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பின் ஆரம்பம். குடியை விட வேண்டுமென்ற விருப்பம் ஒன்றே அதில் சேர்வதற்கான தகுதி. கட்டணமில்லை, எந்த மதத்தையும் அது சார்ந்ததுமில்லை. இலங்கையிலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலே முஸ்லிம்கள் இம்முறையை இஸ்லாமிய அடிப்படையில் அமைத்து, ‘மில்லத்தி இஸ்லாமி’ என்ற பெயரில் இயங்கத் தொடங்கினர்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அல்லாஹ் மறைத்த பாவத்தைத் தானே அம்பலப்படுத்துவது தடுக்கப்பட்டதல்லவா? ஆம். பாவத்தைப் பெருமையாகவும் அலட்சியமாகவும் பறைசாற்றுவது கண்டிக்கப்பட்டதே. ஆனால், புண்ணை வைத்தியரிடம் காட்டுவது பெருமையடிப்பதாகுமா? இக்கூட்டங்களிலே முழுப்பெயர் கூறத் தேவையில்லை. அங்கே பேசப்படுவது வெளியே செல்லக்கூடாது என்பது அவர்களின் ஒழுங்கு. பிறர் குறையை மறைக்கும்படி நம்மைப் பணித்த மார்க்கத்துக்கு இது அந்நியமானதன்று.

இன்னொரு சம்பவத்தையும் நினைவிற் கொள்ளுங்கள். மது அருந்தியமைக்காக ஒருவர் மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்டார். ஒருவர் அவரைச் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்து, அல்லாஹ்வையும் அவனது தூதரையும் அவர் நேசிப்பதாகச் சாட்சியமளித்தார்கள். தண்டனை இருந்தது, ஆனால் வெளியேற்றம் இருக்கவில்லை.

இளைஞனே! முதலிலே அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல். நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என்பன ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வைத்திய ஆலோசனையுடனேயே நிறுத்து. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழிகேள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும், கொழும்பிலே சுமித்ரயோ அமைப்பின் ‘மெல் மெதுர’ நிலையமும் ஆலோசனை வழங்குகின்றன. முதல் நாள் கூட்டத்திலே நீ பேச வேண்டியதில்லை; கேட்டிருந்தாலே போதும். இடையிலே வழுக்கி விழுந்தால் மறுவாரம் போகாமல் இருந்துவிடாதே. தௌபாவின் வாசல் ஒரு தடவையோடு மூடப்படுவதில்லை.

பெற்றோர்களே! ஏசுவதும் பயனில்லை, கடனை அடைத்து மூடி மறைப்பதும் பயனில்லை. குடிப்போரின் குடும்பத்தினருக்கென்றே 1951ஆம் ஆண்டு முதல் ‘அல்-அனான்’ என்ற தனி அமைப்பு உண்டு. நீங்களும் உதவி தேட வெட்கப்படாதீர்கள். மகன் முதன்முறை கூட்டத்துக்குச் செல்லும்போது பஸ் தரிப்பிடம் வரையாவது கூடச் செல்லுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! அண்மையிலே கூட்டம் இல்லாவிடில், வாரத்தில் ஒருநாள் இஷாவுக்குப் பின் ஓர் அறையைத் திறந்து கொடுங்கள். மீண்ட ஒருவர், மீள விரும்பும் ஒருவர்: ஆரம்பிக்க இருவர் போதும்.

பொல்பிட்டியவுக்கு அண்மையிலே கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்தே களனி கங்கையாகின்றன. தனித்தனியே மலையிறங்கி வந்தவை ஒன்றாகிக் கடல்வரை செல்கின்றன. தனித்து விடப்பட்ட நம் பிள்ளைகளுக்கும் கூடிச் செல்ல ஒரு வழியை அமைத்துக் கொடுப்போமாக!

யா அல்லாஹ்! மதுவின் பிடியிலே அவதியுறுவோருக்கு விடுதலையையும், அவர்தம் குடும்பங்களுக்குப் பொறுமையையும், எமக்கு இரக்கமுள்ள உள்ளத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.