வாயிலில் ஒரு கணம்



கொல்கத்தாவில் வாழும் தமிழர் வீட்டு நாய்க்குத் தீபாவளி இரு முறை வருகிறது. நரக சதுர்த்தசி விடியலில் நாம் வெடி வெடிக்கிறோம். அமாவாசை இரவில் காளி பூஜைக்காக ஊரே வெடிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில், இனிப்புத் தட்டுடன் வந்த அண்டை வீட்டு அம்மையாருக்காக நான் கதவைத் திறந்தேன். எங்கள் மணி என் கால்களுக்கிடையே புகுந்து, படிகளில் பாய்ந்து இறங்கி, ராஷ்பிகாரி அவென்யூவின் வண்டி நெரிசலில் மறைந்துவிட்டது. மறுநாள் நண்பகலில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில், முன்னங்கால் ஒன்றைத் தூக்கியவண்ணம் அது நிற்கக் கண்டோம்.

அன்று நாயைக் கடிந்துகொண்டேன். பிழை என்னுடையது என்பது பின்னரே விளங்கிற்று. நாள்தோறும் காலையில் மணி கதவைப் பிறாண்டும், குரைக்கும். நானும் ‘பொறு, பொறு’ என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளை நீக்குவேன். வாய் பொறுமையைப் போதித்தது; கையோ அவசரத்திற்குப் பரிசளித்தது. நாய் கையினிடமே பாடம் கற்றது.

எட்வர்டு தார்ன்டைக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், பூனைகளையும் நாய்களையும் தாழிட்ட பெட்டிகளுள் அடைத்து ஆராய்ந்து, தம் முடிவுகளை 1898-ஆம் ஆண்டில் வெளியிட்டார். எச்செயலால் கதவு திறந்ததோ, அச்செயலையே அவை அடுத்தடுத்த முறைகளில் விரைந்து செய்தன. நம் வீட்டு வாயிலிலும் இதுவே நிகழ்கிறது. துள்ளும்போது திறக்கும் கதவு துள்ளலைக் கற்பிக்கும். அமரும்போது திறக்கும் கதவு அமைதியைக் கற்பிக்கும்.

பயிற்சியைத் தெருக் கதவில் தொடங்க வேண்டாம். உள்ளறைக் கதவே போதும். நாயை வாரில் பிடித்துக்கொண்டு வாயிலருகே நில்லுங்கள். அது அமர்ந்ததும் கதவை ஒரு சாண் அளவு திறவுங்கள். எழுந்தால், மூக்கு நசுங்காதவாறு மெல்லச் சாத்துங்கள். அடியும் அதட்டலும் வேண்டா. மீண்டும் அமர்ந்தால் மீண்டும் திறவுங்கள். கதவு முழுதும் திறந்த பின்னரும் அது அமர்ந்திருந்தால், ‘வா’ என்று அழைத்து உடன் செல்லுங்கள். முதலில் ஒரு மூச்சு நேரம், பின்னர் ஐந்து எண்ணும் வரை, பின்னர் பத்து எண்ணும் வரை எனக் காத்திருப்பை நீட்டலாம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடமே போதும். உள்ளறையில் தேறிய பின் தெருக் கதவிலும், அதன் பின் அழைப்பு மணி ஒலிக்கும் வேளையிலும் பழக்குங்கள்.

புலம்பெயர்ந்த நமக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பாட்டி ‘இரு’ என்பார். பள்ளிப்பிள்ளை ‘வெயிட்’ என்பான். பணிப்பெண் வங்காளியில் ‘போஷோ’ என்பாள். மும்மொழி வீட்டில் நாய் எச்சொல்லுக்குப் பணியும்? ஒரு சொல்லையே அனைவரும் ஆளுங்கள். ‘இரு’ என்பது காத்தலையும் அமர்தலையும் ஒருங்கே குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல். வங்காளப் பணிப்பெண்ணும் எளிதில் கற்றுக்கொள்வாள். சொல்லைப் போலவே விதியும் ஒன்றாதல் வேண்டும். ஒருவர் மட்டும் இரக்கப்பட்டுத் துள்ளும் நாய்க்குக் கதவு திறந்தால், பிறர் உழைப்பு வீணாகும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வெடியோசையால் நடுங்கும் நாய்க்குக் கற்ற பாடம் நினைவில் நில்லாது. அவ்விரவில் பொழுது சாயுமுன் அதனை உள்ளறையில் சேர்த்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். படியடியில் மடக்கு இரும்புக் கதவு இருந்தால் அதையும் பூட்டுங்கள்.

மகாபாரதத்தின் இறுதியில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டு விண்ணுலகம் புகேன் என்று மறுத்து நின்றான் தருமன். அங்கே நாய்க்காக மனிதன் நின்றான். நம் வாயிலில் நாய் ஒரு கணம் நிற்க வேண்டுமாயின், தாழ்ப்பாளில் கைவைத்த நாம் அதற்கு முன் ஒரு கணம் நிற்கப் பழக வேண்டும். மணி இப்போது நிற்கிறது. அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. எனக்குத்தான் சற்று அதிக நாளாயிற்று.