மூன்றாவது துகள்

விசைகளை இரண்டிரண்டு பொருள்களுக்கிடையே கண்டு கூட்டினால் மொத்தம் கிடைத்துவிடும் என்று பல்லாண்டுகள் வகுப்பில் போதித்தவன் நான். "மூன்றாமவர் வந்தால் இருவர் பேச்சே மாறிவிடுமே, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவியபோது, நகைத்து உட்காரச் சொன்னேன்.

புரோட்டானும் நியூட்ரானும் இணைந்த டியூட்டிரானைப் பிரிக்க 2.22 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இன்னுமொரு நியூட்ரான் சேர்ந்த டிரைட்டானை முற்றும் பிரிக்க 8.48 வேண்டும். இணைகள் மூன்றாக, ஆற்றல் நான்கு மடங்கை நெருங்குவானேன்? அணுக்கரு விசை மிகக் குறுகிய தொலைவிலேயே செயற்படுவது. டியூட்டிரானின் துகள்கள் பெரும்பாலும் அவ்வெல்லைக்கு வெளியே உலவுகின்றன. மூன்றாவது சேர்ந்ததும் யாவும் நெருங்கிப் பிணைகின்றன. 1933-இலேயே விக்னர் இவ்வழியில் விளக்கம் தந்தார்.

மூன்று துகள்களுக்குரிய செம்மையான சமன்பாடுகளை 1960-இல் ருஷ்ய அறிஞர் ஃபதேயெவ் அமைத்தார். பின்னாளில் கணிப்பொறிகள் அவற்றைத் தீர்த்தன. இரு துகள் மோதல்களில் அளந்தறிந்த விசைகளை மட்டும் இட்டபோது, விடை பெரும்பாலும் 7.6-க்கும் 8-க்கும் இடையே நின்றுவிட்டது. கணக்கை எவ்வளவு நுட்பமாக்கியும் அக்குறை தீரவில்லை. 1957-இலேயே ஜப்பானிய அறிஞர்கள் ஃபுஜிதாவும் மியஸாவாவும் வழி காட்டியிருந்தனர்: ஒரு துகள் விடுக்கும் பையான் இரண்டாவதைக் கிளர்ச்சியுறச் செய்கிறது, அது அடங்கும்போது விடுக்கும் பையானை மூன்றாவது ஏற்கிறது. இத்தகைய மும்முனை விசையை 8.48 வருமாறு அமைத்துச் சேர்த்தால், நான்கு துகள்களாலான ஹீலியம் கருவுக்கும் 28.3-ஐ ஒட்டிய விடையே கிடைக்கிறது.

அன்று அம்மாணவன் கேட்டது இதைத்தான்.