சொற்பச் சம்பளத்தில் சுகவாழ்வு
(பீளமேட்டில் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



"கொஞ்சச் சம்பளத்தில் கோயமுத்தூரில் சௌக்கியமாய் வாழ்வது எப்படி?" என்பதைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. இதைச் சொன்னவுடன் முன் வரிசைத் தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பதில் நியாயமுண்டு. தொழிலாளிக்குச் சிக்கன உபதேசம் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் காரில் வந்து இறங்குகிறவர்களே ஒழிய, 48-ம் தேதி வரையில் நீளும் மாதத்தைப் பார்த்தவர்கள் அல்லர். ஆதலால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கூலி போதாது என்றால் போதாதுதான். அதற்குப் பரிகாரம் கூலியை உயர்த்துவதே தவிர வயிற்றைச் சுருக்குவதல்ல. பக்கத்திலிருக்கிற சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8-ந் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் காலத்துப் போராட்டங்கள் இல்லாவிட்டால் இன்றைய கூலியும் வந்திராது. சிக்கனத்தைப் பேசி அதை மறைக்க நாம் இங்கு வரவில்லை.

ஆனால் போராடி வாங்கிய கூலி யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்க்க நமக்குப் பாத்தியதை உண்டா இல்லையா? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

சென்ற மாதம் நமது தோழர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதினோம். அவர் லேத் பட்டறைத் தொழிலாளி. சம்பளம் 20,000 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் 18,000. அவர் துணைவியார் தையல் கம்பெனிக்குப் போய் 6,000 கொண்டு வருகிறார். ஆக 24,000. செலவைக் கேளுங்கள். வீட்டு வாடகை 6,500. மளிகை, காய்கறி, பால் 6,000. காஸ் 900. கரண்டு 600. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேன் 2,000. பெட்ரோல் 1,500. இரண்டு போனுக்கு 600. ஆக மொத்தம் 18,100. மீதி 5,900 ரூபாய் இருக்கவேண்டும். ஆனால் ஐந்தாம் தேதி அவர் பையில் பத்து ரூபாய் இல்லை. "எங்கீங்க போச்சு?" என்று அவரே நம்மைக் கேட்கிறார்!

போன இடம் இதுதான். மகள் பெரியவளானதற்குத் தெரட்டிச் சீர் செய்தார். அதற்கு ஒன்றரை லட்சம் இரண்டு வட்டிக்குக் கடன். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் கேட்பதற்கு வெகு சாதாரணம். கணக்குப் போட்டால் மாதம் 3,000, வருஷம் 36,000. ஐந்து வருஷத்தில் வட்டி மாத்திரம் 1,80,000 கொடுத்து முடித்த பிறகு, அந்த ஒன்றரை லட்சம் அப்படியே பாயை விரித்துப் படுத்திருக்கும். மிச்சம் 2,900-த்தில் மொய் எழுதினது போக, காதுகுத்து, கெடாவெட்டு, வெள்ளிக்கிழமை செலவு, ஜோசியருக்குப் பரிகாரம்.

ஒரு பெண்ணின் உடம்பில் இயற்கையாய் நிகழ்கிற ஒன்றைத் தெருவெல்லாம் பிளெக்ஸ் போர்டு வைத்து அறிவிப்பது அந்தப் பெண்ணுக்குப் பெருமையா என்று யாராவது அவளைக் கேட்டதுண்டா? நாம் கேட்டோம். அந்தக் குழந்தை தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேனுங்க" என்றது. அது வேண்டாமென்றதற்குத் தகப்பன் இன்றைக்கும் வட்டி கட்டுகிறார். "செய்யாவிட்டால் நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்கிறார். அந்த நாலு பேரும் பிரியாணி சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் ஒருவராவது ஒரு மாதத்து வட்டிக்கு வந்தாரா?

ஜெர்மனி தேசத்தில் எர்ன்ஸ்ட் எங்கல் என்று ஒரு கணக்கு நிபுணர் இருந்தார். குடும்பங்களின் வரவு செலவைச் சோதித்து 1857-ல் அவர் ஒரு முடிவு வெளியிட்டார். வரும்படி குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு அதிகமாகும் என்பது அது. இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? ஏழையின் செலவில் பெரும் பாகம் வயிற்றுக்குப் போவது ஊதாரித்தனம் அல்ல, ஏழ்மையின் லட்சணம் என்று தெரிகிறது. ஆனால் நம்மவர் கையிருப்புக் குறைந்தால் முதலில் நிறுத்துவது குழந்தைக்கு வாங்கும் முட்டையையும் பாலையும். மொய் நோட்டை நிறுத்துவதில்லை. சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். அதைப் புத்தியோடு வாங்குங்கள். நிலக்கடலை நூறு கிராமில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. நம் கொங்கு நாட்டுப் பாட்டிமார் தின்ற ராகியில் அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து உண்டு. அவற்றைப் "பட்டிக்காட்டுச் சாப்பாடு" என்று தள்ளிவிட்டு, டப்பாவில் அடைத்த மாவைப் பாலில் கலக்கிக் கொடுப்பதுதான் நாகரிகம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். 2011 ஜூன் மாதம் முதல் இந்த ராஜ்யத்தில் ரேஷன் அரிசிக்கு விலையில்லை என்று ஆயிற்று. அதை வாங்க வெட்கப்பட்டு மாட்டுக்குப் போடுகிறவர்களும் நம்மில் உண்டு. இட்லிக்கு ஊறப்போடுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் ஒருநாள் போய்வந்தால், வீட்டு வாசலில் வாங்கும் காய்க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் யாரும் சொல்லாமலே விளங்கும்.

இனி வீடு. வாடகை இந்த ஊரில் ஏறிப் போனதற்குக் காலேஜ், ஆஸ்பத்திரி, விமான நிலையம், கம்ப்யூட்டர் கம்பெனி எல்லாம் காரணந்தான். அதற்கு நாம் இந்த மேடையில் பரிகாரம் சொல்லமுடியாது. ஆனால் மற்றொரு காரணம் நம்மிடத்திலேயே இருக்கிறது. "டூலெட்" போர்டைப் பார்த்துப் போனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்றல்ல. "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். நமது தோழர் ஒருவர் பட்டறைக்குப் பக்கத்தில் ஐந்தாயிரத்தில் கிடைத்திருக்கவேண்டிய வீட்டை இந்தக் கேள்வியினால் இழந்து, ஜாதி கேட்காத ஒருவர் வீட்டை 6,500-க்கு, அதுவும் ஐந்து மைலுக்கு அப்பால் பிடித்தார். வாடகையில் 1,500, பெட்ரோலில் ஆயிரம், ஆக மாதம் 2,500 ரூபாய் ஜாதிக்காகக் கட்டும் வரி. சர்க்கார் இவ்வளவு வரி போட்டால் நாம் கடையடைப்பு செய்வோம். இதற்கு மாத்திரம் வாய் திறப்பதில்லை. கேட்கிறவர் வேறு தெருவில் தாமும் வாடகைக்கு இருந்தவராயிருப்பார் என்பதுதான் வேடிக்கை.

முன்பணம் என்று பத்து மாத வாடகையைக் கேட்கிறார்கள். 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைதான் பொதுவான அளவாக வைக்கப்பட்டிருக்கிறது. உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும், பதிவாகவேண்டும் என்றும் இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வியாதி வந்தால் என்ன செய்கிறோம்? முதலில் மந்திரிக்கிறோம், பிறகு கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இ.எஸ்.ஐ. என்பது இந்த ராஜ்யத்தில் முதன்முதலாக 1955-ல் ஆரம்பிக்கப்பட்டது நம் கோயமுத்தூரில்தான். 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால். இருபதினாயிரம் சம்பளக்காரருக்கு அவர் கையிலிருந்து 150, முதலாளி கையிலிருந்து 650. மாதம் 800 ரூபாய் உங்கள் பேருக்குக் கட்டிவிட்டு, சிங்காநல்லூர் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்காமலிருந்தால் அது யார் குற்றம்? அங்கே கூட்டம் அதிகம், காத்திருக்கவேண்டும் என்பது உண்மைதான். அதற்காகச் சங்கத்தின் மூலம் சத்தம் போடுங்கள். சீட்டு இல்லையென்று சொல்லும் பட்டறைக்காரரிடம் அதைவிட அதிகமாய்ச் சத்தம் போடுங்கள்.

நகையைப் பற்றித் தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. 2025-ல் பவுன் எழுபதினாயிரத்தைத் தாண்டிவிட்டது. "பார்த்தீர்களா, அன்றைக்கே வாங்கியிருந்தால்!" என்பீர்கள். வாங்கினவர்கள் விற்றார்களா? அடகுக் கடையில் அல்லவா வைத்திருக்கிறார்கள்! சேதாரம், கூலி என்று வாங்கும்போதே ஒரு பங்கு போய்விடுகிறது, பிறகு அதற்கு வட்டியும் கட்டுகிறோம். இதையும் விடப் பெரிய கொடுமை, நம் பக்கத்து மில்களில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்தது. வயதுப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக் கடைசியில் மொத்தமாய்க் கல்யாணச் செலவுக்கென்று கொடுப்பது. பாதியில் வெளியேறினால் அதுவும் சந்தேகம். வரதட்சணை என்ற ஒன்று இல்லாவிட்டால் இப்படி ஒரு திட்டத்துக்குப் பெயர் வைக்கக்கூட முடிந்திருக்குமா?

1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர் முதலிய ஏழைகள் 28 பேர் சேர்ந்து மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி விற்கும் சிறு கடை வைத்தார்கள். கலப்படமில்லாமல், சரியான எடையில் விற்று, லாபத்தை வாங்கினவர்களுக்கே பங்கிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிற்று. ஒரு தெருவில் இருபது குடும்பம் சேர்ந்து மாதத்துப் பருப்பையும் எண்ணெயையும் மொத்தமாய் வாங்க நமக்கு என்ன தடை? ஒருவர் வீட்டு அரிசியை ஒருவர் தொடலாமா என்ற யோசனைதானே!

வருமானத்தில் இரண்டாவது சம்பளம் வீட்டுப் பெண்களுடையது. 2021 மே மாதத்தில் சாதாரண நகர பஸ்களில் அவர்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது, நமது தோழரின் துணைவியாருக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் மிஞ்சிற்று. அதைப் புகழ்ந்து பேசும் ஆண்பிள்ளைகள், அந்த அம்மாள் எட்டு மணி நேரம் தைத்துவிட்டு வந்து அடுப்பில் நிற்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்கிறார்கள். மாவாட்டும் கிரைண்டரைச் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர் இது. அதன் பொத்தானை அமுக்க ஆண்கள் விரலுக்குச் சக்தி இல்லையா?

அந்தத் தோழர் இப்போது மொய் நோட்டை மூடிவிட்டார். 2,900-ஐயும் மாதாமாதம் கடனின் அசலில் கட்டுகிறார். வட்டியும் குறைந்து வருவதால், மூன்று வருஷத்துக்குள் தீர்ந்துவிடும் என்று பென்சிலால் கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். சொந்தக்காரர் இருவர் பேசுவதில்லையாம். வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது என்று அவர் துணைவியார் சொன்னார்.

சீட்டுக் கம்பெனிகளைப் பற்றியும் பேச எண்ணியிருந்தோம். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் பணம் போட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். ஆனால் ஒன்பதரை ஆகிவிட்டது. திருப்பூர், அவிநாசித் தோழர்கள் பஸ்ஸுக்குப் போகவேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒவ்வொருவரும் ஒரு மாதத்துக் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். மொய்யையும் மறைக்காமல் எழுதுங்கள்.