இரவில் அழைக்கும் குரல்

(உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



சாமுவேல் முதல் நூல் மூன்றாம் அதிகாரம் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த பகுதி. சிறுவன் சாமுவேல் ஆலயத்தில் படுத்திருக்கிறான். நடு இரவில் யாரோ அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடுகிறான். 'நான் கூப்பிடவில்லை, போய்ப் படு' என்கிறார் ஏலி. மறுபடியும் குரல், மறுபடியும் ஓட்டம், மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை பையன் வந்து நின்றபோதுதான் முதியவருக்குப் புரிகிறது. இது வெறும் சத்தம் இல்லை, இதற்குப் பொருள் இருக்கிறது என்று உணர்கிறார். அடுத்த முறை அழைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இரவில் ஒரு சத்தம் கேட்டால் நாமும் முதலில் ஏலியைப் போலத்தான் 'ஒன்றுமில்லை, படு' என்கிறோம். இன்று நான் பேசப்போவது அப்படி ஒரு சத்தத்தைப் பற்றி. மறையுரையில் மெஷினைப் பற்றிப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். கடவுள் மனிதருக்குள் ஊதிய உயிர்மூச்சைக் காப்பதும் மறையுரைக்கு உரிய பொருள்தான்.

நம் குமணன்சாவடிப் பக்கம் நோயாளர் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது, கட்டில் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டியை இப்போது பல வீடுகளில் பார்க்கிறேன். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் ஒரு மாஸ்க். சிபாப் மெஷின் என்கிறார்கள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறவர்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது இது. காற்றை மெல்லிய அழுத்தத்துடன் செலுத்திக்கொண்டே இருந்து, பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்து மருத்துவர் காலின் சலிவன் 1980-இல் இதை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தி, 1981-இல் மருத்துவ இதழில் எழுதினார்.

குறட்டை விட்டால் 'அசந்து தூங்குகிறார்' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். எல்லாக் குறட்டையும் நோய் இல்லை. ஆனால் குறட்டை திடீரென்று நின்று, பத்து நொடிக்கு மேல் மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு திரும்புகிறதென்றால், அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் இது 30 முறைக்கு மேல் நடந்தால் கடுமையான நிலை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயம் களைக்கிறது, பகலில் கண் சொருகுகிறது. 2022 பிப்ரவரி 15 இரவு மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி தமது 69-ஆம் வயதில் இறந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணம் இந்த உறக்க மூச்சுத்தடைதான். நம் பங்கிலோ, பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரியும் வேனும் ஓட்டுகிற சகோதரர்கள் எத்தனையோ பேர். ஸ்டியரிங் பிடித்தபடி ஒரு நொடி கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மெஷின் வாங்கிய பல வீடுகளில் ஒரு குறை கேட்கிறேன். 'ஃபாதர், ராத்திரி ரெண்டு மணிக்கு அது பீப் பீப்னு கத்துது. இவர் பாட்டுக்கு வயரைப் பிடுங்கிட்டுத் திரும்பிப் படுத்துடறார். எனக்குத்தான் அப்புறம் தூக்கம் வர்றதில்லை.' நாலு நாள் இப்படி நடந்தால் ஐந்தாம் நாள் மெஷின் அலமாரிக்கு மேலே போய்விடுகிறது. கத்துகிறது என்பதற்காகக் காவல்காரனை வேலையை விட்டு அனுப்புவது போன்றது இது. அந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் எளிய காரணமே இருக்கும். பங்கிலுள்ள ஒரு செவிலியரிடமும், இந்த மெஷின்களைப் பழுது பார்க்கும் ஒரு தம்பியிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டதை உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு மெஷினைப் பாருங்கள். சத்தம் கேட்டதும் விளக்கைப் போட்டு, அவர் முகத்தைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தொடுங்கள். கண் திறந்து பேசுகிறாரா? மூச்சு சீராக வருகிறதா? உதடு நீலம் பாய்ந்திருந்தால், கூப்பிட்டும் எழவில்லை என்றால், குழப்பமாகப் பேசினால், நெஞ்சு வலி என்றால், மெஷினை ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். மாஸ்க் மாட்டியிருக்கும்போது மெஷின் நின்றுபோயிருந்தால், முதல் வேலையாக மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

ஆள் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பிள்ளைகளிடமோ மெஷின் கொடுத்தவரிடமோ காட்டலாம். சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை எடுக்க மறந்துபோனால், என்ன நடந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

அடுத்தது மாஸ்க். அதிகம் வருகிற எச்சரிக்கை காற்றுக் கசிவுதான். மாஸ்க் விலகியிருக்கலாம், பட்டை தளர்ந்திருக்கலாம், வாய் திறந்து தூங்கியிருக்கலாம். முகத்து எண்ணெயும் தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெயும் மாஸ்க்கின் மெத்தைப் பகுதியில் படிந்தால் அது வழுக்கிக்கொண்டே போகும். தினமும் காலையில் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பட்டையை முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள். அது மூக்குத்தண்டைப் புண்ணாக்குமே தவிர கசிவை நிறுத்தாது. மெஷின் ஓடும்போது, வழக்கமாகத் தூங்கும் நிலையில் படுத்துக்கொண்டு சரிசெய்யுங்கள். மாஸ்க்கில் பொடிப் பொடித் துளைகள் இருக்கும். அவற்றிலிருந்து காற்று வருவது கசிவு இல்லை. நாம் வெளிவிடும் கெட்ட காற்று வெளியேறும் வழி அது. அதைத் துணியாலோ டேப்பாலோ அடைத்துவிடாதீர்கள்.

மாஸ்க் சரியாக இருந்தால் குழாயைப் பாருங்கள். இரண்டு முனையும் அழுத்தமாகப் பொருந்தியிருக்கிறதா, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மடங்கியிருக்கிறதா, எங்காவது கீறல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்டால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஏசி அறையில் இது சாதாரணம். ஈரப்பத அளவைக் கொஞ்சம் குறைக்கலாம், ஏசியின் குளிரைக் குறைக்கலாம், குழாய்மீது துணி உறை போடலாம். மெஷின் எப்போதும் தலைமாட்டைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கட்டும்.

தண்ணீர்த் தொட்டியும் எச்சரிக்கை கொடுக்கும். சரியாகப் பொருந்தாவிட்டாலும் ஒழுகினாலும் மெஷின் சொல்லிவிடும். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், தொட்டியில் வெள்ளையாகப் படியும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. மருந்துக்கடையில் வாலை வடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது மெஷினைத் தூக்கவோ சாய்க்கவோ கூடாது. தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும்.

காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. வண்டிப் புழுதியும் மெட்ரோ வேலைத் தூசியும் பார்த்த நமக்கு அது எவ்வளவு சீக்கிரம் கறுக்கும் என்று தெரியும். கழுவும் வகையா, மாற்றும் வகையா என்று கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். திரைச்சீலையோ போர்வையோ அந்த இடத்தை மூடக் கூடாது. கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம்.

கடைசியாக மின்சாரம். ராத்திரி கரண்ட் போய் வரும்போது பல மெஷின்கள் நின்றுவிடும், அல்லது குரல் கொடுக்கும். மெஷினோடு வந்த அடாப்டரை மட்டுமே பயன்படுத்துங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தண்ணீர் சூடேற்றும் வசதியை நிறுத்தினால் பேட்டரி அதிக நேரம் தாங்கும். கருகிய வாசனை, புகை, தொட முடியாத சூடு இருந்தால் ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அன்று அதைத் திரும்பப் போட வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்தும் அதே எச்சரிக்கை மூன்று இரவு தொடர்ந்து வந்தால், ஏலியைப் போல நீங்களும் புரிந்துகொள்ளுங்கள். மெஷின் கொடுத்தவரை அழையுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். அழுத்த அளவை நீங்களாக மாற்றாதீர்கள். பைபாப் அல்லது வென்டிலேட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு மூன்று இரவு என்ற கணக்கே கிடையாது. அதில் மூச்சு குறைகிறது என்று எச்சரிக்கை வந்தால் அது மெஷினைப் பற்றிய செய்தி இல்லை, ஆளைப் பற்றிய செய்தி. அந்த நேரமே மருத்துவ உதவி வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மெஷினையும், இறந்துபோனவர் பயன்படுத்தியதையும் 'சும்மாதானே கிடக்கிறது' என்று எடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த அழுத்தம் வேறொருவர் தொண்டைக்கு வைத்தது. மேலும் 2021 ஜூன் 14 அன்று பிலிப்ஸ் நிறுவனம் தன் மெஷின்களில் பல வகைகளைத் திரும்பப் பெறுவதாக உலகெங்கும் அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு நைந்து, துகளாக மூச்சில் கலக்கலாம் என்பது காரணம். வெப்பமும் ஈரமும் அதிகமான இடத்தில் இந்த ஆபத்து கூடலாம் என்றும் சொன்னார்கள். நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். பழைய மெஷின் என்றால் அதன் வரிசை எண்ணைக் கொடுத்து விசாரித்த பிறகே தொடுங்கள். சில மாஸ்க்குகளின் பட்டையில் காந்தம் இருக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், அவர்களோடு ஒரே கட்டிலில் படுப்பவர்கள், வாங்கும் முன்பே மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அன்பானவர்களே, நம்மில் பலர் வீட்டில் உறங்கும் புனித சூசையப்பரின் சுரூபம் இருக்கிறது. 2015 ஜனவரியில் மணிலாவில் குடும்பங்களிடம் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், தம் மேசையில் அப்படி ஒரு சுரூபம் இருப்பதாகவும், கவலை வந்தால் ஒரு சீட்டில் எழுதி அதன் கீழே வைப்பதாகவும் சொன்னார். சூசையப்பர் தூங்கிக்கொண்டிருந்தார், உண்மைதான். ஆனால் எச்சரிக்கை வந்தபோது விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த இரவிலேயே எழுந்து குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். நல்ல உறக்கமும் கடவுளின் கொடை. அழைத்தால் எழுவதும் கடவுளின் கொடை.

இரவில் எழுந்து கணவனின் மாஸ்க்கைச் சரிசெய்கிற மனைவியை நினைக்கிறேன். அப்பாவின் மெஷினில் தண்ணீர் ஊற்றிவிட்டு இரவுப் பணிக்கு ஓடுகிற மகனை நினைக்கிறேன். நம் ஊரின் பெயரிலேயே சாவடி இருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் பயமில்லாமல் தலைசாய்க்கிற இடம். யாரோ ஒருவர் விழித்திருப்பதால்தான் மற்றவர் அங்கே நிம்மதியாகத் தூங்க முடிகிறது. ஆனால் விழித்திருப்பவருக்கும் ஓய்வு வேண்டும். நம் அன்பியங்களில் இப்படிப்பட்ட குடும்பம் இருந்தால், இந்த வாரம் போய்ப் பாருங்கள். செபமாலை சொல்லி முடித்ததும் ஒரு தாளில் மருத்துவர் எண், மெஷின் பழுதுபார்ப்பவர் எண், 108 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டு வாருங்கள். தனியாக வாழும் முதியவர் என்றால், இரவில் அவர் அழைக்க வேண்டிய பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். மாஸ்க் மாட்ட வெட்கப்படும் சகோதரரைக் கேலி செய்யாதீர்கள். அவர் தன் பிள்ளைகளுக்காக உயிரோடு இருக்கத்தான் அதை மாட்டிக்கொள்கிறார்.

மூச்சைத் தந்த ஆண்டவர், இன்றிரவு மூச்சுத் திணறுகிற ஒவ்வொருவருக்கும் துணையிருப்பாராக. அவர்கள் பக்கத்தில் விழித்திருப்பவர்களுக்குப் பொறுமையையும் தெளிவான அறிவையும் தருவாராக. ஆமென்.