தாஹான் மலைக்குப் போகுமுன்



பகாங் மாநிலத்தில் ஜெராண்டுட் பட்டணத்தைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் கோலா தெம்பிலிங் என்னும் படகுத்துறை வரும். தமான் நெகாரா என்கிற நம் தேசிய வனத்தின் வாயிலாகிய கோலா தாஹானுக்கு அங்கிருந்து ஆற்று வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரம். இப்போது அந்த ஊர் வரைக்கும் தார்ச்சாலை இருப்பதால் பெரும்பாலோர் வாகனத்திலேயே போய் இறங்கிவிடுகிறார்கள்; ஆனாலும், தங்குமிடங்களைச் சுத்தம் செய்யும் இளந்தொண்டர்களைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் தலைவர் பொறுப்பை ஏற்க விரும்புகிறவர்களைப் படகில் போகும்படியே நான் வேண்டிக்கொள்வது வழக்கம். நீளமும் ஒடுக்கமுமான அந்த மரப்படகில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே அமர்ந்து, பிரவாகத்தை எதிர்த்து இரண்டரை மணி, மூன்று மணி நேரம் ஊர்ந்து செல்கையில், கரையோர மரங்களின் கிளைகளில், நம் தலைக்கு வெகு உயரத்தில், சருகும் கொடியும் உடைந்த மூங்கிலும் சிக்கித் தொங்குவதைக் காணலாம். அவற்றை அங்கே கொண்டுபோய் மாட்டியது போன மழைக்காலத்து வெள்ளம். அந்த உயரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டவர், ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருநாளும் அலட்சியமாக இருக்கமாட்டார்.

இந்த வனம் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து, 4,343 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம் உடையது. வேட்டைக்காரராக இருந்து பிறகு வனவிலங்குகளின் காவலராக மாறிய தியோடர் ஹப்பேக் என்பவரின் இடையறாத முயற்சியாலும், மூன்று மாநிலத்துச் சுல்தான்களின் இசைவாலும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் ஏற்படுத்தப்பட்ட பூங்கா, நாடு சுதந்திரம் அடைந்தபின் தமான் நெகாரா என்று பெயர் பெற்றது. இதன் நடுவே எழுந்து நிற்கும் தாஹான் மலை 2,187 மீட்டர் உயரம். தீபகற்ப மலேசியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. ஹெர்பர்ட் ராபின்சன் என்பவர் நடத்திய யாத்திரையில் 1905ஆம் ஆண்டிலேதான் அதன் உச்சியை மனிதர் எட்டினர் என்பதும், அதற்கு முன்னே முயன்ற ஐரோப்பியர் சிலர் உச்சியை எட்டாமலே திரும்பினர் என்பதும், இந்த மலையின் சுபாவத்தை நமக்கு ஓரளவு அறிவிக்கும்.

வனயாத்திரைக்கு ஆயத்தம் என்றவுடனே, எந்தப் பை வாங்கலாம், எந்தச் சப்பாத்து நல்லது என்று சாமான்களைப் பற்றியே பேச்சுத் தொடங்கிவிடுகிறது. சாமான்கள் வேண்டியவைதாம், ஆனால் கோலா தாஹானிலிருந்து சிகரம் வரைக்கும் சற்றொப்ப 55 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பழைய பாதையில் நம்முடைய கால அட்டவணையை நிர்ணயிப்பது தாஹான் ஆறு. ஆகையால், தலைவராகப் போகிறவர் முதலில் செய்யவேண்டிய ஆயத்தம், அந்த ஆற்றங்கரையில் ஒருநாளோ இரண்டு நாளோ சும்மா காத்திருப்பதற்கு வேண்டிய அரிசியையும் மனப்பக்குவத்தையும் சேகரித்துக்கொள்வதே என்பது என் திடமான அபிப்பிராயம்.

பாதையைச் சற்று வருணிக்கிறேன். முதல்நாள் நடை பெரும்பாலும் சமதரையில், மெலாந்தாய் என்னும் தங்குமிடம் வரை. மறுநாள், ஏறி இறங்கி ஏறி இறங்கி, குன்றுக்குப் பின் குன்றாக வரும் மலைமுகடு. இருபத்தேழு குன்றுகள் என்று வழிகாட்டிகள் கணக்குச் சொல்வார்கள். அந்த முகட்டில் தண்ணீர் கிடைப்பது அரிது என்பதால் காலையிலேயே ஒவ்வொருவரும் நிறைய நீர் சுமந்து புறப்பட வேண்டும். இளைஞர்களின் உற்சாகம் முதன்முதலாகக் குன்றுவது இந்த இரண்டாம் நாள் பிற்பகலில்தான். அதற்கு அப்பால் கோலா பூத்தே, கோலா தெக்கு என்னும் தங்குமிடங்களுக்கு இடையே பாதை ஆற்றோடு கலந்துவிடுகிறது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், அங்கிருந்து மீண்டும் இந்தக் கரைக்குமாகப் பலமுறை கடந்தாக வேண்டும். வெயில் காய்ந்த வாரத்தில் நீர் முழங்காலளவே இருக்கும்; அடியில் கிடக்கும் கூழாங்கற்களின் நிறத்தைக்கூட எண்ணிச் சொல்லலாம். ஆனாலும் மலையுச்சியில் பெய்த மழை, நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளியும் விழாதபோதே, மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் திடீர் வெள்ளமாக இறங்கி வந்துவிடுவதும் உண்டு.

இதற்கு அறிகுறிகள் இருக்கின்றன. அவற்றைத் தொண்டர்கள் ஒவ்வொருவருக்கும் புறப்படுமுன்பே கற்பிக்கவேண்டும். தெளிந்த நீர் சட்டென்று பால் விட்ட தேநீரின் நிறம் கொள்ளும். சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வரும். ஆற்றின் ஓசை கனத்துக் கேட்கும். கரைக்கு வந்தவுடன் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து, கால்மணி நேரம் அதைக் கவனிக்கும் பழக்கம் மிக நல்லது. கடப்பதென்று தீர்மானித்தால், பையின் இடுப்புப்பட்டையை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். இடறி விழுந்தால் உதறிவிட வேண்டியது பையைத்தான், அது இடுப்போடு கட்டுண்டிருந்தால் சுமந்தவரையும் ஆழத்துக்கு இழுத்துச் செல்லும். பிறகு மூன்று நான்கு பேராக ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்துப் போகவேண்டும். கடப்பதில்லை என்று தீர்மானித்தால் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். வேகமாக ஏறிய வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தைத் தாங்கமுடியாத தலைவர்தான் அபாயமானவர். மறுநாள் விடுமுறை முடிகிறது, பேருந்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று என்பவையெல்லாம் காட்டில் காரணங்களாகா.

ஆற்றை வாசிக்கும் வித்தையை நான் கற்றது வழிகாட்டிகளிடம். தாஹான் மலைக்கு வழிகாட்டி இல்லாமல் போக அனுமதியில்லை. அந்த விதி இல்லாவிட்டாலும் நான் அப்படிப் போகச் சொல்லமாட்டேன். இந்த வனத்திலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருபவர்கள் பாத்தேக் என்னும் பூர்வகுடி மக்கள். எந்தப் பிரம்பு கூரைக்கு ஆகும், எந்தக் கொடியை வெட்டினால் குடிநீர் சொட்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பால்யப் பாடம். அவர்களுடைய குடியிருப்புகளை வேடிக்கை பார்க்கும் இடங்களாகக் கருதிப் படமெடுக்கப் பாயாமல், அழைப்பு இருந்தால் மட்டும் போய், அமர்ந்து, கேட்டுக்கொண்டு வரும் மரியாதையையும் நம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். நம் பிள்ளைகளின் பாட்டனார்களும் பாட்டிமார்களும் விடியுமுன்னே விளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போனவர்கள். ரப்பர்த் தோட்டத்தின் எல்லையில் காடு தொடங்கும் இடத்தை நன்கு அறிந்தவர்கள். பேரப்பிள்ளைகளோ அடுக்குமாடி வீட்டில் பிறந்து, காட்டை நெடுஞ்சாலையிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அஞ்சுவதும் இயல்பு. அஞ்சாமல் துள்ளுவதும் இயல்பு.

சென்றமுறை ஒரு தாயார் என்னிடம் வந்து, "ஐயா, ராத்திரியிலே யானை வந்தா என்னங்க செய்வீங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கவலை. இந்த வனத்தில் யானை உண்டு, புலி உண்டு, காட்டெருமை உண்டு, தாப்பீர் உண்டு. இருபது பேர் பேசிக்கொண்டு வரும் கூட்டத்தை அவை நெடுந்தூரத்திலேயே அறிந்து விலகிப் போவதுதான் வழக்கம் என்றும், நான் அதிகமாக அஞ்சுவது தலைக்குமேல் நிற்கும் பட்ட கிளைகளுக்கே என்றும் அவர்களுக்குச் சொன்னேன். நாற்பது ஐம்பது மீட்டர் உயரமுள்ள விருட்சங்கள் நிறைந்த காட்டில், காற்றே இல்லாத இரவிலும், மழையில் ஊறிக் கனத்த பட்ட கிளை முறிந்து விழுவதுண்டு. ஆகவே தங்குமிடம் சேர்ந்ததும் பையை இறக்குமுன் அண்ணாந்து பார். பார்த்தபின் ஆற்றைப் பார். பிறகே கூடாரத்தைப் பிரி. பிற்பகல் நான்கு மணிக்கு நடையை நிறுத்திவிட வேண்டும். வெளியே ஏழு மணிக்கு மறையும் சூரியன், காட்டுக்குள் அதற்கு வெகு முன்பே மறைந்துவிடும். சாயங்காலச் சில்வண்டுகள் ஒருசேர ஊதத் தொடங்கும்போது உலை கொதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

உடைகளைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: நடப்பதற்கு ஒன்று, உறங்குவதற்கு ஒன்று. முதலாவது எப்போதும் நனைந்தே இருக்கும். இரண்டாவது எக்காரணம் கொண்டும் நனையக்கூடாது. விடியற்காலையில் உலர்ந்த உடையைக் களைந்துவிட்டு நேற்றைய ஈர உடையை மீண்டும் உடுத்திக்கொள்வது கொடுமையாகத் தோன்றும். இரக்கப்பட்டு விதியைத் தளர்த்தினால் அன்றிரவு அந்தப் பிள்ளை குளிரில் நடுங்கும். ஈரத்திலேயே ஊறும் பாதங்கள் வெளுத்துப் புண்ணாகும் ஆதலால், ஒவ்வொரு மாலையும் எல்லாருடைய பாதங்களையும் தலைவர் தாமே விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். வெட்கப்படுகிறவர்கள்தான் கொப்புளத்தை மறைப்பார்கள். விலையுயர்ந்த தோல் சப்பாத்துகளைவிட, அடியில் முள் வைத்த மலிவான ரப்பர்ச் சப்பாத்தையே வழிகாட்டிகள் அணிகிறார்கள்; அது சேற்றில் வழுக்காது, தண்ணீரைத் தேக்காது. அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அவை ஏறும், கடிக்கும், விட்டுப் போன பின்னும் இரத்தம் சிறிதுநேரம் கசியும். புண்ணைச் சொறியாமல் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும். கவனிக்கவேண்டியவை காய்ச்சலும் வெயில் சோர்வும். ஆற்று நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். திறந்த புண்ணோடு தேங்கிய நீரில் இறங்குவதால் எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். கோலா தெக்குவில் ஒருவருக்குக் கால் முறிந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு நாட்கணக்கில் நடக்கவேண்டியிருக்கும். ஆதலால் இரண்டு கம்புகளும் ஒரு விரிப்பும் கொண்டு தூளி கட்டிச் சுமக்கும் பயிற்சியை, புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஊரில் ஏதேனும் ஒரு குன்றில், மழை பெய்யும் நாளாகப் பார்த்து, சுமக்கப்படுகிறவர் உட்பட எல்லாரும் களைக்கும் வரை செய்து பார்க்கவேண்டும்.

கோலா தெக்குவுக்கு மேலே மலை செங்குத்தாக எழும்புகிறது; காட்டின் உருவமே மாறுகிறது. பலகை வேர்கள் கொண்ட மாபெரும் மரங்கள் பின்தங்க, ஓக் இனத்து மரங்களும், இந்த மலைக்கே உரிய விசிறிப்பனை ஒன்றும், பிறகு பாசி போர்த்த குள்ள மரங்களும் வருகின்றன. அவற்றையும் கடந்தால், ஆகாயம் திடீரென்று திறந்து, வெண்மணலும் புதர்ச்செடிகளும் குடுவைச் செடிகளும் பரவிய திறந்த மேட்டுநிலம் தோன்றுகிறது. ஐந்து நாள் பச்சை இருளில் நடந்துவிட்டு அந்த வெளிச்சத்தில் வந்து நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் முகத்தை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம், இத்தனை ஜாக்கிரதைக்கும் சிரமத்துக்கும் ஈடு என்று நான் மனப்பூர்வமாக எண்ணுகிறேன்.

தொண்டு என்று நாம் மேற்கொள்வது இறங்கும் வழியில்தான் ஆரம்பமாகிறது. தங்குமிடங்களில் முன்பு வந்தவர்கள் விட்டுச்சென்ற நெகிழித் தாள்களையும் தகர டப்பாக்களையும் ஒவ்வொருவரும் ஒரு பையில் சேர்த்துச் சுமந்து வருகிறார்கள். நாம் கொண்டுபோகும் பொருள்களையும் உள்ளே நுழையுமுன் காவலர்கள் எண்ணிக் குறித்துக்கொண்டு, திரும்புகையில் சரிபார்ப்பார்கள். உணவுப் பொட்டலங்களை வீட்டிலேயே பிரித்து, துணிப்பைகளில் மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தால் பாதிக் குப்பை காட்டுக்குள் நுழைவதே இல்லை.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் இறங்கிவிடும். ஜனவரி வரை மலைப்பாதையை நினைக்கவே வேண்டாம். பிப்ரவரி முதல் ஆறு தணிகிறது. வரும் ஆண்டில் இளைஞர்களை அழைத்துச் செல்ல நினைக்கிறவர்கள், அந்தப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, பிள்ளைகள் யாரும் இல்லாமல், ஒரு வழிகாட்டியையும் உதவித் தலைவர் ஒருவரையும் மட்டும் கூட்டிக்கொண்டு, கோலா தெக்கு வரையிலாவது ஒருமுறை நடந்து திரும்புங்கள். எந்தத் துறையில் எவ்வளவு ஆழம், எந்தக் கரையில் எத்தனை கூடாரத்துக்கு இடம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பட்டியலைத் தயாரிப்பது அதற்கு அப்புறம்.