மாட்டுப் பொங்கலன்று ஒரு கவளம் போதும்

கம்பம் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்குக் கன்று நேர்ந்துவிடுகிற சின்னமனூர்ப் பக்கத்தாருக்கு மாட்டின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுப் பொங்கலன்று வாளி நிறைய வைக்கிறோமே சர்க்கரைப் பொங்கல், அதைத்தான் சொல்ல வந்தேன்.

சாமி கும்பிட்டதும் ஒரு கவளம் ஊட்டுங்கள், அது முறை. மேலே வேண்டாம். மாட்டின் பெருவயிறு புல்லுக்கும் வைக்கோலுக்கும் பழகினது. சோறும் வெல்லமும் அதிகமாய்ப் போனால் உள்ளே சீக்கிரம் புளித்து அமிலமாகிவிடும். அசை நின்று, வயிறு உப்பி, கழிச்சல் கண்டு மாடு படுத்துவிடும், உயிரும் போகலாம். அந்தக் காலத்தில் வீட்டில் அரிசியே அளவாகத்தான் இருந்தது, மாடும் தப்பித்தது!

பக்கத்து வீட்டார் ஊட்டுவதையும் கணக்கில் சேருங்கள். மிஞ்சினதைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டாதீர்கள். மறுநாள் காலை வரைக்கும் மாடு அசை போடுகிறதா என்று பாருங்கள். போடவில்லையென்றால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.