உடற்கல்வியில் உயர்படிப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவது நம் மரபு. இவ்வாண்டு இளைஞர்க்குப் பயன்படும் கல்வித் துறை ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். உடற்கல்வியைத் தேர்ந்துகொண்டேன்.

நம் வீட்டுப் பிள்ளை விளையாட்டில் கோப்பை வாங்கி வந்தால் அதனைக் கூடத்தில் வைத்து மகிழ்கின்றோம். அத்துறையிலேயே மேற்படிப்புப் படிக்கின்றேன் என்று அப்பிள்ளை சொன்னால், “டிரில் மாஸ்டர் ஆவதற்கா உன்னை வளர்த்தேன்?” என்று சினக்கின்றோம். பெண்ணாயிருப்பின் பேச்சே எழுவதில்லை. இத்துறையின் விரிவை அறியாமையே இதற்குக் காரணம்.

இந்தியாவில் இக்கல்விக்கு வித்திட்ட இடம் சென்னையே. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-ஆம் ஆண்டில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தார். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. பின்னர் நடுவண் அரசு 1957-இல் குவாலியரில் இலட்சுமிபாயின் பெயரால் ஒரு கல்லூரியை நிறுவியது. அஃது இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். திருவனந்தபுரத்தில் 1985-இல் மற்றொரு தேசியக் கல்லூரி எழுந்தது. தமிழ்நாடு அரசு இதற்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைத்துள்ளது. மணிப்பூரில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைக்கப் பாராளுமன்றம் 2018-இல் சட்டம் இயற்றியது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, எல்லா மாநிலத்தாரும் பயிலும் குவாலியர் போன்ற நிலையங்கள் பெருந்துணை.

அங்கே என்ன கற்பிக்கின்றனர்? கினீசியாலஜி எனப்படும் உடலியக்கவியலை எடுத்துக்கொள்வோம். எந்த அசைவில் எந்தத் தசை சுருங்குகின்றது, எந்த மூட்டு எவ்வளவு சுமை தாங்குகின்றது என்று ஆராயும் இயல் அது. வேகப்பந்து வீசும் இளைஞன் ஒருவனுக்கு இடுப்பருகே ஓயாத வலி. பந்தை விடும்போது அவன் தோள்கள் ஒரு புறமும் இடுப்பு வேறு புறமும் முறுக்கிக்கொண்டால், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் நாளடைவில் விரிசல் காணக்கூடும். கற்றறிந்த ஆசிரியர் அம்முறுக்கைக் காலத்தே கண்டு திருத்துவார். அவ்வறிவு இல்லாதவர் இன்னும் வேகமாக வீசு என்பார். ஓர் இளைஞனின் முதுகே இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றது.

இனி, வழிகள் நான்கு. முதலாவது ஆசிரியப் பணி. ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் இரண்டாண்டு பி.பி.எட்.; அதன்பின் இரண்டாண்டு எம்.பி.எட். தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-இல் வகுத்த விதிப்படி எம்.பி.எட். சேர்வதற்குப் பி.பி.எட். அல்லது அதற்கு இணையான பட்டமும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஆவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வு உண்டு. கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கோ உடல் தகுதித் தேர்வும் உண்டு. 2018-ஆம் ஆண்டு விதிகளில், 30 வயதுக்குட்பட்ட ஆடவர் 12 நிமிடத்தில் 1800 மீட்டரும், மகளிர் 8 நிமிடத்தில் 1000 மீட்டரும் கடக்க வேண்டும் என்று கண்டுள்ளது.

இரண்டாவது பயிற்றுநர் பணி. இதற்குப் பெயர்பெற்றது 1961-இல் பாட்டியாலா அரண்மனையில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிலையம் வழங்கும் டிப்ளமா. எம்.பி.எட். படித்தால் பயிற்றுநர் ஆகிவிடலாம் என்றும், பாட்டியாலா டிப்ளமா இருந்தால் பள்ளி ஆசிரியர் ஆகிவிடலாம் என்றும் எண்ணுவோர் பலர். இரண்டும் வெவ்வேறு வாயில்கள்.

மூன்றாவது ஆராய்ச்சி. உடற்பயிற்சி உடலியல், உடல் இயந்திரவியல், விளையாட்டு உளவியல் ஆகியவற்றில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெறலாம். கணக்கிலும் பௌதிகத்திலும் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு இது தக்க களம்.

நான்காவது இயன்முறை மருத்துவம். காயமுற்ற வீரனை மீண்டும் களத்தில் இறக்கும் கலை இது. இதன் மேற்படிப்புக்கு இயன்முறை மருத்துவத்திலேயே இளநிலைப் பட்டம் இருத்தல் வேண்டும். உடற்கல்விப் பட்டம் செல்லாது. அவ்விளநிலைப் படிப்புக்குப் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆகவே பதினாறு வயதில் செய்யும் தேர்வே இவ்வாயிலைத் திறக்கின்றது அல்லது அடைக்கின்றது. பெற்றோர் இதனை நன்கு நினைவிற்கொள்ள வேண்டுகின்றேன்.

மூன்று சொற்களுடன் முடிக்கின்றேன். மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள், பி.பி.எட். சேர்க்கையில் அவற்றுக்கு மதிப்புண்டு. எந்தக் கல்லூரியாயினும் அதற்கு அங்கீகாரம் உண்டா என்பதையும் அவ்வாண்டின் விதிகளையும் விசாரித்தபின் பணம் கட்டுங்கள். அனைத்திற்கும் மேலாக, உங்கள் மகனோ மகளோ இப்படிப்பைப் பற்றி வாய் திறக்கும்போது, முடிவில் என்ன வேலை செய்ய விரும்புகிறாய் என்று அன்புடன் கேளுங்கள். பள்ளியா, களமா, ஆய்வகமா, மருத்துவமனையா என்பது தெளிந்தால் படிப்பு எது என்பதும் தெளியும்.